இறால் பண்ணைக் களஞ்சியமும் லண்டன் செம்புப் பெட்டியும்



கொஞ்ச நாட்களுக்கு முன்னர் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வந்து, கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, இன்று சிறு கல்வீட்டில் வாழும் குடும்பங்களும், தலைமுறையாகக் கருவாடு போட்டுச் சீவிக்கும் ஊர்க் குடும்பங்களும் கலந்து வாழும் இடம் அது. ஊருக்குப் பின்னால், களப்போரமாக, ஒரு பழைய இறால் பண்ணை இருக்கிறது. இருக்கிறது என்றா சொல்வது? 1996இல் வெண்புள்ளி நோய் இந்த மாவட்டத்து இறால் தொட்டிகளுக்குள் புகுந்ததும், அதன் பிறகு திரும்பத் திரும்ப வந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இறால் வளர்த்தவர்கள் நட்டப்பட்டுப் போனார்கள். தொட்டிகள் காய்ந்து உப்புப் பூத்துக் கிடக்கின்றன. தீவனம் வைத்திருந்த களஞ்சியம் மட்டும் சுவரும் கூரையுமாக நிற்கிறது. எண்பது அடி நீளம், நாற்பது அடி அகலம்.

அதன் சொந்தக்காரர் “ஐந்து வருடத்துக்கு நீங்கள் பாவியுங்கள், வாடகை வேண்டாம்” என்று சங்கத்துக்குச் சொல்லியிருந்தார். என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூட்டம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குப் போகும்போதே என் டயறியில் ‘தையல் பயிற்சி நிலையம்’ என்று எழுதிக்கொண்டுதான் போனேன். தையல் என்றால் நிதி தருபவர்களுக்கு உடனே விளங்கும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு பெட்டியே இருக்கும். இந்த மாவட்டத்தில் இதுவரை எத்தனை தையல் மெசின்கள் கொடுத்திருக்கிறோம், அவற்றில் எத்தனை இன்று துணி மூடிக் கிடக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் உம்மாவோடு வந்திருந்த ஒரு பிள்ளை, சாதாரண தரம் படிக்கிறவள், எழுந்து கேட்டாள்: “மிஸ், நாங்க நெட்போல் விளையாட அதைத் தர ஏலாதா?”

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். “பெரிய பிள்ளையான பிறகு என்ன விளையாட்டு?” என்றார் ஒரு தாய். அப்போது கருவாட்டு வாடியில் கூலி வேலை செய்யும் ஒரு ராத்தா, அதிகம் பேசாதவர், சொன்னார்: “வெளியில விளையாடினாத்தானே ஊர் பேசும். உள்ளுக்க விளையாடினா யாருக்கு என்ன?”

சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ‘உள்ளுக்க’ என்ற சொல் வீடு வரும்வரை என்னோடு வந்தது. உள்ளக விளையாட்டரங்கு என்றால் அது பணக்கார நாடுகளின் ஆடம்பரம், குளிருக்கும் பனிக்கும் பயந்தவர்கள் கட்டிக்கொள்வது என்றே நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ‘பொதுவெளி யாருடையது’ என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் ஒரு சுவரும் கூரையும் ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய சுதந்திரத்தைத் தரும் என்று அந்த ராத்தா ஒரே வரியில் சொன்ன பிறகுதான் விளங்கியது.

என்னோடு படித்த தோழி ஒருத்தி லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் இருக்கிறாள். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடம். போன முறை வந்தபோது, தன் மகள் வலைப்பந்தாட்டம் பார்க்கப் போன அரங்கின் படங்களைக் காட்டினாள். அந்தப் படங்கள் நினைவுக்கு வந்தன. அந்த அரங்கைப் பற்றித் தேடி வாசித்தேன். அதன் பெயர் ‘கொப்பர் பொக்ஸ்’. செம்புப் பெட்டி என்று அர்த்தம். பெயருக்கேற்றபடி ஒரு பெரிய பெட்டிதான். மேற்பாதிச் சுவரைச் செம்புத் தகட்டால் மூடியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பழைய செம்பை உருக்கித் திரும்பச் செய்தது. கூரையில் 88 குழாய்கள் வைத்துச் சூரிய வெளிச்சத்தை உள்ளே இறக்குகிறார்கள், பகலில் மின்விளக்கின் தேவை குறைகிறது. கூரையில் விழும் மழைநீர் மலசலகூடங்களுக்குப் போகிறது. ஆசனங்களைச் சுவருக்குள் தள்ளிவிட்டால் நடுவில் பெரிய வெறுந்தளம். இன்று வலைப்பந்து, நாளை கூடைப்பந்து, மறுநாள் பட்மின்டன். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்டு, 2013 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறக்குறைய 7,500 பேர் வரை அமரலாம். 2019இல் பிரித்தானியாவின் வலைப்பந்தாட்ட சுப்பர் லீக்கில் சேர்ந்த ‘லண்டன் பல்ஸ்’ பெண்கள் அணி இதையே தன் சொந்த அரங்காகக் கொண்டு விளையாடியது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கட்டடமல்ல, அது நிற்கும் நிலம்.

லீ என்ற ஆற்றின் கரை அது. 1844இல் வந்த ஒரு சட்டம் நாற்றமும் நஞ்சும் தரும் தொழில்களை லண்டன் நகருக்குள் கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டம் ஆற்றுக்கு அப்பால் செல்லாது. ஆகவே நகரத்துக்கு வேண்டாத தொழிலெல்லாம் இந்த ஆற்றுப் பக்கம் வந்து குவிந்தன. சாயம், தார், மை, எலும்பு அவித்தல், இரசாயனம். உலகில் முதன்முதலில் பிளாஸ்டிக் செய்து விற்கப் பார்த்த தொழிற்சாலையும் 1866இல் அரங்கு நிற்கும் ஹக்னி விக் பகுதியில்தான் தொடங்கியது. ஆற்றுக்கு மேற்கே, போ என்ற பக்கத்து ஊரில் பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலை. 1888 ஜூலையில் அங்கே வேலை செய்த பெண்களும் சிறுமிகளுமாக ஏறக்குறைய 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேசினால் தண்டப்பணம், அழுக்குக் காலென்றால் தண்டப்பணம். எல்லாவற்றுக்கும் மேலாக, தீக்குச்சியில் பூசிய வெள்ளைப் பொசுபரசு தாடையெலும்பையே உக்க வைத்தது. சாப்பிட வேறு இடம் கொடுக்காததால் நஞ்சு படிந்த கையோடு வேலைத்தளத்திலேயே சாப்பிட்டார்கள். உப்பளத்தில் வெடித்த காலோடும், கருவாட்டு வாடியில் அரித்த கையோடும் நிற்கும் நம் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் அவர்கள் வென்றார்கள். தண்டப்பணம் போனது, சாப்பிடத் தனி அறை வந்தது. வெள்ளைப் பொசுபரசை அந்த நாடு தடைசெய்ய மட்டும் 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சியது பழைய வாகன உதிரிகள், குப்பைமேடு, மலைபோல் குவித்த பழைய குளிர்சாதனப் பெட்டிகள், மண்ணுக்குள் எண்ணெயும் தாரும் ஈயமும் ஆர்செனிக்கும். 2005இல் ஒலிம்பிக் லண்டனுக்குக் கிடைத்த பின், அந்த மண்ணைக் கழுவினார்கள். ஆம், மண்ணைத்தான். இருபது இலட்சம் தொன்னளவில் தோண்டி, இயந்திரங்களில் போட்டு அலசி, சல்லடையிட்டு, நஞ்சைப் பிரித்து, ஐந்தில் நான்கு பங்கைத் திரும்ப அதே இடத்தில் போட்டார்கள். உயர்அழுத்த மின்கம்பிகளைத் தாங்கிய 52 கோபுரங்களை அகற்றிக் கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோனார்கள்.

இதை வாசித்தபோது என் மனம் அருவக்காட்டுக்குப் போய்விட்டது. நமது மாவட்டத்தில், புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டிய இடம். வெட்டி முடித்த பள்ளங்கள். அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று யாராவது நம்மிடம் கேட்டார்களா? 2017 ஏப்ரலில் கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் நம் துயரமும்தான். கொழும்புக் குப்பைக்கு 170 கிலோமீற்றர் தள்ளி இடம் பார்த்தபோது அருவக்காடுதான் முடிவானது. 2018இல் புத்தளம் நகரில் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தோம். கைக்குழந்தையோடு வந்திருந்த தாய்மார் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். இருந்தும் 2019 ஆகஸ்டில் குப்பை லொறிகள் வந்தன. லீ ஆற்றங்கரையும் இப்படித்தான் தொடங்கியது: நகரத்துக்கு வேண்டாததை ஏழைகள் பக்கம் தள்ளு. நூற்றைம்பது வருடம் கழித்து அங்கே மண்ணைக் கழுவினார்கள். நமக்கு யார், எப்போது?

லண்டனைப் புகழ்ந்தே இந்தப் பக்கத்தை முடித்துவிட முடியாது. இடம்பெயர்ந்தவர்களான நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுண்டு: அங்கே முன்பு யார் இருந்தார்கள்?

இருந்தார்கள். கட்டாய நிலச் சுவீகரிப்பில் இருநூறுக்கு மேற்பட்ட தொழில் நிலையங்கள் அந்தப் பகுதியிலிருந்து எழுப்பப்பட்டன. கிளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில், பெரும்பாலும் தனித்து வாழ்ந்த நானூறுக்கு மேற்பட்டவர்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள். பல தலைமுறையாகக் காய்கறி பயிரிட்ட தோட்டத் துண்டுகள் போயின. நஞ்சு நிலம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் அங்கே இருந்தவர்களும் பயிரிட்டவர்களும் அவர்கள்தான். நிலம் நல்லதாகியபோது அவர்கள் அங்கில்லை.

இன்னொன்று. செம்புப் பெட்டி மக்களுக்குத் திறந்த அதே 2013இல், அருகிலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு விடுதியில் இருந்த 29 இளம் தாய்மாருக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. மான்செஸ்டருக்கோ பேர்மிங்காமுக்கோ ஹேஸ்டிங்ஸுக்கோ போகலாம் என்று சொல்லப்பட்டது. தாய், சகோதரி, பிள்ளையின் பாலர் பாடசாலை எல்லாவற்றையும் விட்டு, தெரியாத ஊருக்கு. ‘ஃபோகஸ் ஈ 15’ தாய்மார் என்று பின்னர் அறியப்பட்ட அவர்கள் தள்ளுவண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெருவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். 2014 செப்டெம்பரில், அதே பகுதியில் பூட்டிக் கிடந்த அரச வீடுகளுக்குள் போய் இரண்டு வாரம் இருந்து காட்டினார்கள். பலருக்கு லண்டனுக்குள்ளேயே தங்க இடம் கிடைத்தது. உங்களில் எத்தனை பேர் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்! யுத்தம் வேறு, அபிவிருத்தி வேறுதான். ஆனாலும் மூட்டை கட்டுகிற தாயின் கை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்த அரங்கில் நடந்த எல்லா விளையாட்டிலும் எனக்கு மிகப் பிடித்ததைச் சொல்கிறேன். 2012 பராலிம்பிக்கில் அங்கே ‘கோல்போல்’ என்ற விளையாட்டு நடந்தது. பார்வையற்றவர்களுக்கானது. இரண்டாம் உலக யுத்தத்தில் கண் இழந்து திரும்பிய படையினருக்கு மறுவாழ்வுப் பயிற்சியாக 1946இல் ஒரு ஆஸ்திரியரும் ஒரு ஜேர்மனியரும் உருவாக்கியது. பக்கத்துக்கு மூன்று பேர். பந்துக்குள் மணி. எல்லோருமே கண்ணைக் கறுப்பு மறைப்பால் மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அரைப் பார்வை உள்ளவரும் முழுதாகப் பார்வையிழந்தவரும் சமம். பந்தைத் தரையோடு உருட்டி எறிய, எதிர்ப்பக்கத்தார் மணிச் சத்தத்தைக் கேட்டுக் குறுக்கே படுத்துத் தடுப்பார்கள். கோடுகளின் கீழே கயிறு ஓடும், கை விரலால் தடவி இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் மூச்சுக் காட்டக்கூடாது. கோல் விழுந்த பிறகுதான் கைதட்டல். பெண்கள் இறுதிப் போட்டியில் ஜப்பான் அணி சீனாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது.

யுத்தம் பறித்த கண்ணுக்காகச் செய்த விளையாட்டு என்பதால் இதை உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன். மற்றொரு காரணமும் உண்டு. கோல்போல் தளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். அப்படியே நம் கரப்பந்தாட்டத் தளத்தின் அளவு! கரப்பந்தாட்டம் நம் நாட்டின் தேசிய விளையாட்டு. அந்தத் தளம் இல்லாத ஊர் உண்டா? எண்பதுக்கு நாற்பதடிக் களஞ்சியத்துக்குள்ளும் அது அடங்கும் என்று அன்றிரவே கணக்குப் பார்த்தேன். முழு வலைப்பந்துத் தளம் அடங்காது, அதற்கு நூறு அடி நீளம் வேண்டும். ஒரு பக்க வளையத்தை வைத்துப் பயிற்சி செய்யலாம்.

வலைப்பந்து என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். 6 அடி 10 அங்குல உயரம். நாட்டுக்காக 2009, 2018, 2022 ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் மிகக் கூடுதலான கோல் போட்டவரும் அவரே. ‘உயரமான பெண்பிள்ளையை யார் கட்டுவான்’ என்று கவலைப்படும் தாய்மார் உள்ள ஊர்களிலிருந்துதான் அவரும் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் தர்ஜினி ஆக வேண்டியதில்லை. கை கால் அசைத்து, வேர்த்து, ஒருவரோடொருவர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் போதும். இரவில் நித்திரை வராமல் தவிக்கும் தாய்மாருக்கும் அது நல்லதுதான்.

உங்கள் ஊரிலும் இப்படிக் கைவிட்ட களஞ்சியமோ ஐஸ் ஆலையோ உப்புக் கிடங்கோ இருக்கலாம். ஆசையோடு பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். முன்பு உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இறால் பண்ணைகளில் குளோரின் தூளும் சுண்ணாம்பும் பாவித்தார்கள், மூலையில் பழைய பையோ பீப்பாவோ கிடந்தால் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் உடைந்த துண்டுகளைக் கையால் நொறுக்கவோ, துளையிடவோ, உலர்ந்தபடி கூட்டவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒரு தரம் கூட்டிவந்து காட்டுங்கள். சொந்தக்காரரின் வாய்வார்த்தையை நம்பி இருந்துவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு என்றால் ஐந்து வருடம் என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் துப்புரவாக்கிய பிறகு ‘என் இடம்’ என்று வருவார்கள். லீ ஆற்றங்கரையில் நடந்ததை மறக்க வேண்டாம். 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் பிரதேச சபையில் இருக்கும் பெண் உறுப்பினர் யார் என்று தெரிந்துவைத்து, சங்கத்தின் கடிதத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பெரிய அரங்கு கேட்கத் தேவையில்லை. ஊரில் பூட்டிக் கிடக்கும் பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பைக் கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் பெண்பிள்ளைகளுக்குத் தரச் சொல்லுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

கற்பிட்டிப் பக்கத்துக் களஞ்சியத்தின் கதைக்கு வருகிறேன். ஆண்கள் சிலர் வலை வைக்க இடம் வேண்டும் என்றார்கள், அதுவும் நியாயமான தேவைதான். பேசிப் பேசி, பின்பக்கத்தில் பதினைந்து அடி வலைக்கு, மீதி பிள்ளைகளுக்கு என்று முடிவானது. தையலுக்கு இடமில்லாமல் போனது, நான் டயறியில் அதை வெட்டிவிட்டேன். பரிசோதகர் சொன்னபடி கூரையைத் தொடாமல், தரையைத் தண்ணீர் தெளித்துக் கழுவ மூன்று நாள் பிடித்தது. கயிற்றை நிலத்தில் நீட்டி மேலே டேப் ஒட்டினோம். மணி வைத்த பந்து இல்லை. ஒரு பழைய பந்தை இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றிக் கட்டினோம், உருளும்போது சரசரவென்று கேட்டது.

முதல் வியாழக்கிழமை பின்னேரம் பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். முதலில் வளையத்துக்குப் பந்து எறிந்து களைத்த பிறகு, சால்வையால் கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் நின்றார்கள். ஒருத்தியாலும் பந்தைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றில் சுவருக்குப் போகும், அல்லது ஆளில் முட்டும். ஒரே சிரிப்பு.

வாசலில் ஒரு ராத்தா உட்கார்ந்திருந்தார். வடக்கில் இருந்த காலத்தில் ஷெல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போனவர். தங்கையின் பிள்ளைகளோடு காற்று வாங்க வந்தவர். “சத்தம் போடாம உருட்டுங்கம்மா, கேட்கிறதில்ல” என்றார். கேட்ட பிள்ளைதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். ஐம்பது வயதுக்காரர், முழங்கால் வலி வேறு. கீழே உட்கார வைத்தோம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதல் பந்து வலப்பக்கம் வந்தது, கையை நீட்டி நிறுத்தினார். இரண்டாவது இடப்பக்கம். அதையும் நிறுத்தினார். ஏழு பந்தில் ஐந்து.

சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பி, தங்கை மகளின் தோளைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: “அடுத்த வியாழன் எத்தனை மணிக்கு மிஸ்?”